டாஸ்கினுக்குக் கட்டு மாற்றியது யார்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் புத்தகம் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் புத்தகத்துக்குள் இருக்கிறவர்களுக்குக் காய்ச்சல் விட்டதா, சாப்பாடு இறங்கியதா, மருந்து நேரத்துக்குப் போனதா என்று விசாரித்துக்கொண்டே படித்தவர், எனக்குத் தெரிந்து, கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் மிஸ்ஸி ஒருவர்தான்.

எங்கள் நாட்டில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்தப் பெயரும் சேர்ந்து ஓய்வு பெற வேண்டும். இவர் விஷயத்தில் அது நடக்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் பாதுகாவலர் முதல் மெதடிஸ்ட் சர்ச் பாதிரியார் வரை எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, பெரிய மருத்துவமனையில் காலமெல்லாம் ஆண்கள் வார்டைக் கட்டி மேய்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "முப்பது ஆம்பளைங்கள ஒரே நேரத்துல பாத்துட்டேன், போதும்" என்பார்.

அவர் வீட்டுக்கு நேர் கீழே என் வீடு. முதல் சந்திப்பே சண்டையில் தொடங்கியிருக்க வேண்டியது. அவருடைய குளியலறைத் தண்ணீர் என் கூரை வழியாக என் சோற்றுப் பானையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று மாடியேறிக் கதவைத் தட்டினேன். திறந்தார். கையில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம்.

"ஒரு நிமிஷம் இரு தம்பி. இங்க ஒருத்தனுக்கு ரத்தம் போய்ட்டே இருக்கு" என்றார்.

கூரை ஒழுகலை மறந்து, ஆம்புலன்ஸுக்கு அடிக்க ஃபோனை எடுத்துவிட்டேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக இரண்டு பக்கம் படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நின்னுடுச்சு. சொல்லு, என்ன விஷயம்?"

என் கூரை ஒழுகல் நிற்க அடுத்த வருடம் ஆனது. அதற்குள் நானும் முதல் புத்தகத்தை முடித்திருந்தேன்.

அது ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த ஒரு மாயாஜாலத் தொடர். தமிழில் சொன்னால் 'சாம்பல் ஆறு' என்று வரும். மொத்தம் ஆறு புத்தகங்கள் என்று எழுத்தாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு ராஜ குடும்பங்கள், பேசும் மரங்கள், பறக்கும் மிருகங்கள், ஒரு சூனியக்காரி, எல்லாருக்கும் நடுவில் ஒரு அரியணை. அந்த அரியணையில் கடைசியில் யார் உட்காரப் போகிறார் என்று உலகம் முழுக்க வாசகர்கள் அடித்துக்கொண்டார்கள். மிஸ்ஸிக்கு அரியணையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. "யாராவது உக்காரட்டும். உக்கார்றதுக்கு முன்னால தொடச்சா சரி" என்பார்.

அவருடைய கவலையெல்லாம் டாஸ்கின். கதையில் அவன் ஒரு கோட்டை வாயில்காவலன், அவ்வளவுதான். இரண்டாவது புத்தகத்தில் அவன் காலில் ஓர் அம்பு பாய்கிறது. சட்டையைக் கிழித்து ஒரு கட்டுப் போடுகிறான். அத்தோடு எழுத்தாளர் அந்தக் காலை மறந்துவிட்டார். மூன்றாவது புத்தகத்தில் டாஸ்கின் பனியில் நடக்கிறான். நான்காவதில் சதுப்பு நிலத்தைக் கடக்கிறான். ஐந்தாவதில் பாதாளச் சிறையில், முட்டிவரை அழுக்குத் தண்ணீரில் நிற்கிறான். அதே கால், அதே கட்டு!

"மூணு புத்தகமா ஒரே துணி! ஒருத்தருக்கும் மனசாட்சி இல்ல? ராணிக்குத் தலை பின்னி விட அத்தன பேரு இருக்காங்க. இவனுக்கு டிரெஸ்ஸிங் மாத்த ஒரு ஆள் இல்ல!"

இந்த ஆவேசத்தை அவர் மோனோரயிலில் வைத்தே காட்டியதால்தான் கவிதா எங்களோடு சேர்ந்தாள். சுபாங் ஜெயாவில் வீடு, கேஎல் சென்ட்ரலில் கணினி வேலை. அதே தொடரின் பைத்தியம். ரயிலில் ஒரு பாட்டியம்மா "கட்டை மாத்துடா, படுபாவி!" என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்தியதும், அட்டையைப் பார்த்த கவிதா எதிர் சீட்டிலிருந்து எழுந்து வந்து, "டாஸ்கினா ஆன்டி?" என்று கேட்டாளாம். இருவரும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

லோரி செல்வம் கிள்ளான் பக்கத்து மேரு என்ற ஊரிலிருந்து வந்தவன். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவன். எப்போதோ விபத்தில் தொடை எலும்பு முறிந்து மிஸ்ஸியின் வார்டில் கிடந்தான். கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தவனை அடக்க, மிஸ்ஸி அவன் நெஞ்சில் முதல் புத்தகத்தை வைத்தாராம். அந்தக் கனத்திலேயே பாதி அடங்கிவிட்டதாகச் செல்வம் சொல்வான். மூன்றாமவர் பாய். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். ரவிக்கைத் துணி கிழிக்கக் காத்திருந்த நேரத்தில் மிஸ்ஸி சொன்ன கதையைக் கேட்டு, அளவு தெரியாமல் அரை மீட்டர் கூடுதலாகக் கிழித்துவிட்டு, "அப்புறம் மிஸ்ஸிம்மா?" என்று கேட்டவர்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரிக்பீல்ட்ஸ் ரொட்டிக் கடை ஒன்றில் கூடுவோம். ஒரே புத்தகத்தைத்தான் ஐந்து பேரும் படித்தோம் என்று அங்கே பேசுவதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். "பாலைவனத்துல வெல்வெட் அங்கியா? வேர்க்குரு வந்து செத்துடுவானே! பருத்தி போடச் சொல்லுங்க" என்பார் பாய். "பத்தாயிரம் குதிரைக்குத் தீனி எப்டி போச்சு? ரோடும் இல்ல, லோரியும் இல்ல. எவன் டெலிவரி பண்ணான்?" என்பான் செல்வம். கவிதாவுக்கு அரசியல். யார் யாரைக் கவிழ்ப்பார்கள் என்று நாப்கினில் வம்சாவளி வரைவாள். மிஸ்ஸி இதற்கிடையில் கைப்பையிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்து, ஒவ்வொருவராக எங்கள் கையில் பட்டையைச் சுற்றுவார். ரொட்டி வருவதற்குள் ஐந்தாறு மேசைக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். கடைக்காரர் அவரிடம் தேத்தண்ணீருக்குக் காசு வாங்கியதே இல்லை.

ஐந்தாவது புத்தகம் வந்ததோடு எழுத்தாளர் படுத்துவிட்டார். ஆறாவது இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வருடங்கள் ஓடின. உலகம் அவரைச் சோம்பேறி என்று திட்டியது. மிஸ்ஸி திட்டவில்லை. ஐந்து புத்தகங்களின் பின் அட்டைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, எழுத்தாளர் படங்களைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"மொதப் புத்தகத்துல ஆள் நல்லாதான் இருக்கான். மூணாவதுல பாரு, கண்ணுக்குக் கீழ பை. அஞ்சாவதுல மூஞ்சே ஊதிடுச்சு. உப்பு, தம்பி. இவன் உப்ப கொறைக்கல. எழுதி முடிக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவான்."

உடனே கவிதாவின் மடிக்கணினி திறக்கப்பட்டது. மிஸ்ஸி சொல்லச் சொல்ல, எழுத்தாளரின் இணையப் பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போனது. ஐயா, உப்பைக் குறையுங்கள். காலையில் நடங்கள். டாஸ்கினின் காலை உப்பு நீரில் கழுவி, தினமும் கட்டு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். இப்படிக்கு, ஓய்வு பெற்ற தாதி, கோலாலம்பூர். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இயந்திரம் ஒரு பதில் அனுப்பியது. "பாத்தியா, படிச்சிட்டான்" என்றார் மிஸ்ஸி. அதன்பின் மாதம் ஒரு மின்னஞ்சல் தவறாமல் போனது.

ஊர் உலகத்துக்கெல்லாம் அழுத்தம் பார்த்தவருக்கு யாருமே பார்க்கவில்லை என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஞாயிறு, மாடிப்படி ஏறிவந்த மாதிரி அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கவிதா அந்தப் பட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே சுற்றினாள். எண்ணைப் பார்த்ததும் அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டர் பார்த்தார். இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றார். மிஸ்ஸி மரியாதையாகத் தலையாட்டினார்.

"செய்யலாம் டாக்டர். ஆறாவது புத்தகம் வரட்டும்."

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு மிஸ்ஸியைத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் நிலைமை தலைகீழானது. அதுவரை சும்மா பொழுதுபோக்குக்காக எழுத்தாளரைத் திட்டியவர்கள், இப்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்காக வேண்டிக்கொண்டோம். பாய் தொழுகையில் அந்த வெள்ளைக்காரரின் விரல்களுக்கு வேகம் கேட்டார். செல்வம் கிள்ளானில் ஒரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான். மிஸ்ஸியே சர்ச்சில் எழுத்தாளருடைய சிறுநீரகத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். புத்தகம் தள்ளிப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நாங்கள் இடிந்து உட்கார, அவர் மட்டும் "பாவம், மெதுவா எழுதட்டும்" என்று ரொட்டியைக் குழம்பில் தோய்ப்பார்.

ஒருவழியாகப் புத்தகம் வந்தது. கவிதா காலையிலேயே சுபாங் ஜெயா கடையில் வரிசையில் நின்று வாங்கி, படம் எடுத்து எங்களுக்கெல்லாம் அனுப்பினாள். அன்று மத்தியானமே மிஸ்ஸி என் வீட்டு வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"தம்பி, பயப்படாத. நெஞ்சுல பாரம். இடது கை வலிக்குது. நீ போயி கார எடு. ஓடாத, நீ விழுந்தீன்னா ரெண்டு பேஷண்ட் ஆயிடும்."

மருத்துவமனைக் கவுண்டரில் நோயாளியின் பெயர் கேட்டார்கள். "மிஸ்ஸி" என்றேன். முழுப்பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பாய்க்கு அடித்தேன், அவருக்கும் தெரியவில்லை. செல்வத்துக்கு அடித்தேன். "மிஸ்ஸிதாண்ணே பேரு" என்று சத்தியம் செய்தான். இத்தனை வருடம் அவர் சொன்ன மாத்திரையை விழுங்கியிருக்கிறோம், பெயரைக் கேட்டதில்லை. கடைசியில் சக்கர நாற்காலியில் இருந்த மிஸ்ஸியே அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "அழுத்தத்த ஏத்திக்காத" என்று என்னைத் தேற்றினார்.

இனித் தள்ளிப்போட முடியாது, நாளை மறுநாள் காலை அறுவை என்றார் டாக்டர். மிஸ்ஸி சரி என்று சொல்லவில்லை. நாங்கள் நால்வரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"மிஸ்ஸிம்மா, ஆபரேஷன முடிச்சிட்டு நிம்மதியா படிக்கலாம்லம்மா" என்று கெஞ்சினார் பாய்.

"வந்தா படிக்கலாம், பாய். வரலைன்னா?"

அவரே தொடர்ந்தார்.

"சர்வீஸ்ல ஒரு நாள்கூட நான் பாஸ் ஓவர் குடுக்காம ஷிப்ட் முடிச்சதில்ல. வார்டுல யாரு எப்டி இருக்காங்கன்னு தெரியாம எப்டிப் போறது? எனக்கு பயமா இருக்கு. அத சொல்றதுல ஒண்ணும் வெக்கம் இல்ல. ஆனா அவனப் பத்தித் தெரிஞ்சா கொஞ்சம் தைரியமாப் படுப்பேன்."

பாஸ் ஓவர் என்றால், வேலை முடிந்து போகிற தாதி அடுத்து வருகிற தாதியிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் கட்டில் வரிசையில் சொல்லி ஒப்படைப்பது. புத்தகமோ தலையணை. மிஸ்ஸியின் ஒரு கையில் ஊசிக் குழாய், நெஞ்சில் கம்பிகள். அவரால் அதைத் தூக்கவே முடியாது. ஒரு நாளில் ஒருவர் படித்து முடிக்கவும் முடியாது. வழியை மிஸ்ஸியேதான் சொன்னார்.

"நாலு துண்டா வெட்டுங்க. ஆளுக்கொண்ணு படிங்க. நாள மறுநாள் காலைல வந்து பாஸ் ஓவர் குடுங்க."

"வெட்றதா? புது புத்தகம் மிஸ்ஸி! இது மர்டர் லா!" என்று அலறினாள் கவிதா.

"என்னையே வெட்டப் போறாங்க. புத்தகத்துக்கு என்ன?"

பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகல் கடைக்குப் போனோம். அங்கே காகித வெட்டும் இயந்திரம் உண்டு. கடைக்காரர் புத்தகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, "பாஸ், ஷூரா?" என்று கேட்டார். கவிதா வெளியே போய் நின்றுகொண்டாள். முதுகைச் சீவியதும் புத்தகம் நான்கு கட்டாகப் பிரிந்தது. முதல் கட்டு கவிதாவுக்கு, இரண்டாவது செல்வத்துக்கு, மூன்றாவது பாய்க்கு, கடைசி எனக்கு. தங்க எழுத்து போட்ட கெட்டி அட்டையை மட்டும் பாய் மனசு கேளாமல் துணிக்கடைத் தாளில் சுற்றித் தன் காரில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் தானே நல்ல துணி வைத்து பைண்டு செய்யப்போவதாகச் சொன்னார்.

மறுநாள் எங்கள் யாருடைய பிழைப்பும் நடக்கவில்லை. செல்வம் துறைமுக வாசலில் லோரி வரிசை நகர்ந்தது தெரியாமல் படித்து, பின்னால் நின்றவர்களிடம் மூன்று மொழியில் திட்டு வாங்கினான். பாய் கடையில் புடவை கேட்டு வந்தவர்களிடம், "நீங்களே எடுத்துப் பாருங்கம்மா, இங்க ஒரே சண்டையா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். நான் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் படித்தேன். ஒருவர் பகுதியில் நடப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்கவும் கூடாது என்று மிஸ்ஸி உத்தரவு.

அந்தக் காலை வந்தது. மிஸ்ஸி தலையணையில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் படுத்துக் காதைக் கொடுத்தார்கள்.

"ஆரம்பி, கவிதா. கதை வேணாம். கண்டிஷன் சொல்லு."

"பெட் ஒன், ராணி. இடது தோள்ல வாள் வெட்டு. கான்ஷியஸ். ரொம்ப கோவமா இருக்காங்க."

"கோவம் நல்லது. அழுத்தம் இருக்குன்னு அர்த்தம். அடுத்தது?"

"பெட் டூ, சின்ன இளவரசன். நாலு நாளா சாப்பிடல."

"பெட் த்ரீ, அந்த சூனியக்காரி" என்று செல்வம் தொடங்கினான். "என் பகுதியில செத்துட்டா மிஸ்ஸி."

"என் பகுதியில நடமாடுறாளே!" என்றார் பாய்.

"பல்ஸ் பாத்தியா, இல்லியா?" என்று மிஸ்ஸி செல்வத்தை முறைத்தார். பிறகு அது ஆவி என்று தெரிந்து, ஆவிகளை வார்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். இப்படியே ஒவ்வொருவராகப் போனது. அரியணையைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தபோது, "அது பர்னிச்சர்" என்று தள்ளிவிட்டார்.

"டாஸ்கின்?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "என் பகுதியில கோட்டை எரியுது மிஸ்ஸிம்மா. டாஸ்கின்தான் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியில விடுறான். அப்புறம் விழுந்துடுறான். காலு கறுத்துப் போச்சுன்னு எழுதியிருக்கான். யாரோ வண்டியில தூக்கிப் போடுறாங்க. அவ்ளோதான்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான்தான் கடைசிப் பகுதி.

"அவனப் பத்தி ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி. போர் முடியுது, எல்லாரும் ஊருக்குப் போறாங்க. எழுத்தாளர் பொண்டாட்டிக்கும் நாய்க்கும் நன்றி சொல்லியிருக்காரு. முடிஞ்சிருச்சு."

"வண்டியில ஏத்துன பேஷண்ட் எங்க போனான்?"

"தெரியல."

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சோர்வை நான் பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து இளம் தாதி ஒருத்தி தள்ளுகட்டிலோடு வந்து, "ஆன்டி, டா சியாப்?" என்று மலாயில் கேட்டாள். தயாரா என்று.

"பெலும்" என்றார் மிஸ்ஸி. இன்னும் இல்லை. "ஒரு பேஷண்டக் காணோம்."

அந்தப் பெண் திகைத்துப்போய் வார்டு முழுக்க எண்ண ஆரம்பித்துவிட்டாள். அறுவை அரங்கம் காத்திருக்கிறது, டாக்டர் காத்திருக்கிறார், இந்தப் பிடிவாதக்காரி ஒரு கற்பனைக் காலுக்காகத் தன் நெஞ்சைப் பணயம் வைத்துப் படுத்திருக்கிறார். பொய் சொல்லிவிடலாமா என்று செல்வம் கண்ணால் கேட்டான். நான் வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் மிஸ்ஸியே முந்திக்கொண்டார்.

"சரி, எழுதினவனாச்சும் நல்லா இருக்கானா? போட்டோவக் காட்டு. மூஞ்சி வீக்கம் எப்டி இருக்குன்னு பாப்போம்."

போட்டோ பின் அட்டையில். அட்டை பாய் காரில். கார் கீழே, எங்கோ ஒரு மூலையில். பாய் அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்து துணிக்கடைத் தாளைப் பிரித்தார். மிஸ்ஸி அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார்.

"வத்திடுச்சு! கண்ணுக்குக் கீழ பையும் இல்ல. உப்ப கொறைச்சிட்டான்!" அட்டையை ஆசையாகத் தடவினார். பிறகு அதைத் திருப்பினார். "இது என்ன, உள்ள தாளு ஒட்டிக்கிட்டிருக்கு?"

பசை அதிகமாகி, கடைசித் தாள்கள் சில பின் அட்டையோடேயே ஒட்டி நின்றிருக்கின்றன. வெட்டியவர் கவனிக்கவில்லை, சுற்றியெடுத்த பாயும் கவனிக்கவில்லை. பொண்டாட்டிக்கும் நாய்க்கும் நன்றி சொன்ன பிறகு, அந்தக் குறும்புக்கார எழுத்தாளர் இன்னும் ஒரு குட்டி அத்தியாயம் எழுதியிருந்தார்.

கவிதா நகத்தால் மெல்லத் தாள்களைப் பிரித்தாள். பாய்தான் படித்தார். போர் முடிந்து பல வருடம் கழித்து, எங்கோ ஒரு சின்ன ஊர். அதிகாலை. ஒரு கிழவன் கைத்தடியோடு வந்து ஊர் வாயிலைத் திறக்கிறான். முதல் வழிப்போக்கன் அவன் நொண்டுவதைப் பார்த்து, காலுக்கு என்ன ஆனது என்று கேட்கிறான். பழைய காயம், ஆறிவிட்டது என்கிறான் கிழவன். ஒருத்தி தினமும் அதை உப்பு நீரில் கழுவிக் கட்டு மாற்றினாள், மாற்றும்போதெல்லாம் என்னைத் திட்டினாள் என்கிறான். அவள் பெயர் என்ன என்று கேட்டால், கேட்கத் தோன்றவில்லையே என்று சிரிக்கிறான். கதை அங்கே முடிகிறது.

பாய் அழுதார். செல்வம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். மிஸ்ஸி கட்டிலில் நிமிர்ந்தே உட்கார்ந்துவிட்டார்.

"உப்புத் தண்ணி! நான் சொன்னேன்ல? என் ஈமெயிலப் படிச்சிருக்கான்!"

"மிஸ்ஸி, அந்தக் காலத்துக் கதைன்னா எல்லாருமே உப்புத் தண்ணிதான் போடுவாங்க" என்று கவிதா மெல்லச் சொன்னாள்.

"நீ சும்மா இரு. திட்டினான்னு வேற எழுதியிருக்கான். வேற யாரு?" என்றவர், தாதியைத் தங்கச்சி என்று மலாயில் கூப்பிட்டுக் கையை அசைத்தார். "அடேக், வார்டுல எல்லாரும் இருக்காங்க. வண்டியக் கொண்டு வா."

போகும்போது எங்கள் நால்வர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "சாப்பிட்டு வந்து உக்காருங்க. வெறும் வயித்துல கவலப்படக் கூடாது" என்றார்.

மருத்துவமனைக் கேன்டீனில் உட்கார்ந்தோம். கவிதாவின் ஃபோனில் உலகமே கொந்தளித்துக்கொண்டிருந்தது. அரியணையை உடைத்துவிட்டாரே என்று ஒரு கூட்டம், ராணியை ஏமாற்றிவிட்டார் என்று இன்னொரு கூட்டம், பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவன். ஒரு மாதத்துக்கு முன்னால் இருந்திருந்தால் கவிதா அத்தனை பேருக்கும் பதில் எழுதியிருப்பாள். அன்று ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். தேத்தண்ணீர் ஆறிப்போய்க்கொண்டிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? செல்வம் டாக்டரைக் கட்டிப்பிடித்துவிட்டான். பாய் கேன்டீனில் அறிமுகமே இல்லாத மேசைகளுக்கெல்லாம் தேத்தண்ணீர் சொன்னார். கவிதா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவரைப் பார்க்க விட்டபோது, குழாய்களுக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து, "எனக்கு டிரெஸ்ஸிங் யாரு மாத்தறது?" என்று கேட்டார் மிஸ்ஸி.

நாங்கள்தான் மாற்றினோம். முறை போட்டு அவர் வீட்டில் இருந்தோம். ஒருவர் போகும்போது அடுத்தவரிடம் வாசலில் நின்று பாஸ் ஓவர் கொடுத்தாக வேண்டும், அதை அவர் உள்ளே இருந்து திருத்துவார். "பேஷண்ட் கான்ஷியஸ், கஞ்சி குடிச்சாங்க, மூணு தடவ திட்டினாங்க" என்று செல்வம் சொன்னால், "நாலு தடவ!" என்று குரல் வரும். பாய் சொன்னபடியே புத்தகத்தை ஒன்று சேர்த்து, பச்சைப் பட்டு ரவிக்கைத் துணியில் பைண்டு செய்து கொடுத்தார். மிஸ்ஸிக்கும் புத்தகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தையல் ஆறியது.

போன ஞாயிறு ரொட்டிக் கடைக்கு மிஸ்ஸி புதிதாக ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். வேறொரு எழுத்தாளர், வேறொரு ராஜ்யம். மொத்தம் பன்னிரண்டு புத்தகங்களாம், இதுவரை வந்திருப்பது இரண்டுதானாம். பின் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

"ஆளுக்கு சுகர் இருக்கு, தம்பி. ஆனா கட்டுப்பாட்டுல வச்சிருக்கான். முடிச்சிடுவான்."

"பன்னண்டா? அவன் முடிக்கிறதுக்குள்ள நாம எல்லாம் கெழவனாயிடுவோம் லா!" என்று செல்வம் தலையில் கை வைத்தான்.

மிஸ்ஸி என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்த எழுத்தாளர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் ஆற அமர, ரொம்ப ரொம்ப மெதுவாகவே எழுதட்டும்.